மேட்டுப் பாத்தி

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், ஆலங்குடி வட்டத்தில் அமைந்துள்ள பேரூர் கீரமங்கலம். புலவர் நக்கீரரின் பெயரோடு தம் ஊரின் பெயரைச் சேர்த்துப் பேசுவதில் இவ்வூர் மக்களுக்குப் பெருமை மிகுதி. அயலூரார்க்கோ கீரமங்கலம் என்றவுடன் பூக்கள்தாம் நினைவுக்கு வரும். மல்லிகையும் முல்லையும் சம்பங்கியும் இங்குள்ள கடைத்தெருவில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பலாவும் தென்னையும் வாழையும் ஊரைச் சூழ்ந்து நிற்கும். இவற்றுக்கிடையே, பத்துச் சென்ட் இருபது சென்ட் என்று சிறு சிறு துண்டுகளில், கத்தரியும் வெண்டையும் மிளகாயும் பாகலும் புடலும் விளைகின்றன. பெரிய தோப்புகளைக் காண்பவர் கண்ணுக்கு இச்சிறு துண்டுகள் எளிதில் படுவதில்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் அன்றாடச் செலவுக்குப் பணம் தருவன இவையே. தென்னை காய்ப்பதற்கு ஆண்டுகள் பல ஆகும். வெண்டையோ விதைத்த ஐம்பதாம் நாள் காய் தரத் தொடங்கிவிடும்.

இப்பகுதியின் நிலம் பெரும்பாலும் செம்மண் நிலம். ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு எதுவும் இங்கில்லை. மழையும், மழையால் நிரம்பும் குளங்களும், பல நூறு அடி ஆழத்திற்கு இறக்கப்பட்ட ஆழ்குழாய்க் கிணறுகளுமே இங்கு நீர் தருவன. மழையிலும் ஓர் ஒழுங்கின்மை உண்டு. ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள வடகிழக்குப் பருவ காலத்தில் பெய்துவிடுகிறது. அதுவும் மெல்லப் பரவிப் பெய்வதன்று. வங்கக் கடலில் தாழ்வு நிலை தோன்றும்போதெல்லாம் இரண்டு மூன்று நாள் விடாது கொட்டிவிட்டு ஓய்வது. மாசி பிறந்த பின்னர் வானம் வெளுத்துவிடும். பங்குனி, சித்திரைத் திங்கள்களில் காற்றுங்கூட மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். ஆகவே இங்குக் காய்கறி பயிரிடுவோன் ஒரே நிலத்தில் இரண்டு பகைவரை எதிர்நோக்குகிறான்: கார்த்திகையில் நீரின் மிகுதி, சித்திரையில் நீரின் குறைவு. ஒன்றுக்கு அஞ்சிச் செய்யும் ஏற்பாடு மற்றொன்றுக்குத் துணையாகிவிடக்கூடும். மேட்டுப் பாத்தியைப்பற்றிய ஆராய்ச்சி முழுவதும் இந்த ஓர் இடர்ப்பாட்டைச் சுற்றியே அமைகிறது.

பாத்தி என்பது, பயிருக்கு நீர் பாய்ச்சவும் களை எடுக்கவும் ஏற்றவாறு நிலத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்வதாம். நிலமட்டத்திலேயே இருந்து, சுற்றிலும் சிறு வரப்பு உடையது சமப்பாத்தி. கீரை விதைப்பவர்கள் இதனையே விரும்புவர். நிலமட்டத்திற்குக் கீழே மண்ணைத் தோண்டி அமைப்பது தாழ்பாத்தி. சுற்றிலுமுள்ள நிலத்தைக் காட்டிலும் அரையடி முதல் இரண்டடி வரை உயர்த்தி, மேற்புறத்தைத் தட்டையாக்கி, இடையிடையே பள்ளமான நடைபாதை விடுவது மேட்டுப் பாத்தி. நிலக்கடலைக்கும் மிளகாய்க்கும் உழவர் பிடிக்கும் பாரும் இதன் உறவே. ஆயினும் பார் குறுகியது, ஒரு வரிசைச் செடியைத் தாங்குவது. மேட்டுப் பாத்தியோ மூன்று நான்கு வரிசைகளைத் தாங்குவது. ஒரு முறை அமைத்தால் பல பருவங்களுக்கு நிற்பது.

உயர்த்துவதனால் விளையும் பயன் யாது? இதனை அறிய வேரின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். வேருக்கு நீர் தேவை என்பதை அனைவரும் அறிவர். வேருக்குக் காற்றும் தேவை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மண் துகள்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் ஓரளவு நீரும் ஓரளவு காற்றும் இருத்தல் வேண்டும். மழை மிகுந்து இடைவெளிகள் எல்லாம் நீரால் நிறைந்துவிட்டால், வேர் மூச்சுத் திணறுகிறது. உயிர்வளி காற்றின் வழியே பரவுவதைக் காட்டிலும் நீரின் வழியே பரவுவது பதினாயிரம் மடங்கு மெதுவாக என்பது அறிவியலார் கண்ட உண்மை. மூச்சு நின்ற வேர் நீரை உறிஞ்சும் வலிமையை இழந்துவிடும். அதனால்தான் தேங்கிய நீரில் நிற்கும் தக்காளிச் செடி, நீர் இல்லாத செடியைப் போலவே இலை தொங்கி வாடுகிறது. அறியாதவர் அவ்வாட்டத்தைக் கண்டு மேலும் நீர் பாய்ச்சுவர்! மண்ணில் உறங்கிக் கிடக்கும் பூசணக் கிருமிகளுக்கு அந்த நிலையே கொண்டாட்டம். வேரழுகலும் நாற்றழுகலும் அப்போதுதான் பரவுகின்றன. பாத்தி உயர்ந்திருந்தாலோ மிகையான நீர் பக்கத்துப் பள்ளத்திற்கு வடிந்துவிடும். மழை விட்ட சில மணி நேரத்தில் வேரைச் சுற்றிக் காற்று மீண்டும் புகும். நாற்றங்கால் அமைப்பவர் எக்காலத்தும் மேட்டுப் பாத்தியையே நாடுவதற்கு இதுவே காரணம். ஒரு மீட்டர் அகலமும் அரையடி உயரமும் உள்ள பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளை வளர்க்க வேண்டும் என்று வேளாண் துறையினரும் அறிவுறுத்துகின்றனர்.

அண்ணனும் தம்பியுமாகிய இருவர் தம் தந்தையின் நிலத்தைப் பாகம் செய்துகொண்டு, ஆளுக்கு இருபது சென்ட்டில் புரட்டாசித் திங்களில் கத்தரி நட்டனர் என்று கொள்வோம். அண்ணன் மேட்டுப் பாத்தி அமைத்தான். தம்பி, ‘ஆள்கூலி யார் கொடுப்பது?’ என்று எண்ணிச் சமப்பாத்தியிலேயே நட்டான். ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் காலையில் தம்பியின் தோட்டத்தில் கணுக்கால் அளவு நீர். ‘அண்ணா, உன் வடிகாலில் என் நீரையும் வெட்டி விடட்டுமா?’ என்று கேட்கிறான். அண்ணன் மறுப்பானா? வெட்டி விட்டனர், ஆயினும் பாதிச் செடி பிழைக்கவில்லை. மனைவியின் வளையலை அடகு வைத்து நாற்றும் உரமும் வாங்கியவனுக்கு அப்பாதிச் செடியின் மதிப்பு எவ்வளவு என்பதைச் சொல்லத் தேவையில்லை. கதை இத்துடன் முடிந்தால் மேட்டுப் பாத்திக்கே வெற்றி என்று எழுதிவிடலாம். ஆனால் பங்குனி வருகிறது. கிணற்றில் நீர் இறங்குகிறது. இருவருக்கும் பொதுவான மோட்டாரில் மூன்று நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் முறை வருகிறது. தம்பியின் வெண்டை, மூன்றாம் நாள் நண்பகல் வரை நிமிர்ந்து நிற்கிறது. அண்ணனின் வெண்டை இரண்டாம் நாளே தலை சாய்கிறது. ‘தம்பி, நாளைய முறையில் எனக்கு ஒரு மணி நேரம் விட்டுக்கொடு’ என்று இப்போது கேட்பவன் அண்ணன்.

இவ்வாறு ஆவதற்குக் காரணம் ஒரு சிறு கணக்கினால் விளங்கும். நான்கடி அகலமும் பத்தடி நீளமும் உள்ள பாத்தியின் மேற்பரப்பு 40 சதுர அடி. அதனை நிலமட்டத்திலேயே வைத்திருந்தால் வெயிலும் காற்றும் தாக்கும் பரப்பு அந்த 40 சதுர அடியே. பாத்தியின் மேற்புறம் பள்ளத்தைவிட 11 அங்குலம் உயர்ந்திருப்பின், நான்கு பக்கங்களின் பரப்பு ஏறத்தாழ 25 சதுர அடி ஆகிறது. ஆக, ஈரத்தை வெளிவிடும் பரப்பு பாதிக்கு மேல் கூடிவிட்டது. மேலும், மேட்டில் ஊற்றிய நீர் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் இழிந்து போகும் இயல்புடையது. மழைக்காலத்தில் நமக்கு உதவிய அதே வடிகால், கோடையில் நாம் விலை கொடுத்து ஏற்றிய நீரையும் வடித்துவிடுகிறது. ஒரு சதுர மீட்டர் நிலத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவு ஈரம் ஆவியானால் அதை ஈடு செய்ய ஒரு லிட்டர் நீர் வேண்டும். நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாவதாகக் கொண்டால், மேலே கூறிய 40 சதுர அடிப் பாத்தி ஒன்றுக்கே நாள்தோறும் 22 லிட்டர் ஆகும். பக்கங்களின் வழியே போவது இக்கணக்கில் சேரவில்லை.

மேட்டுப் பாத்தியைப் புகழ்ந்து எழுதப்பட்ட நூல்கள் பல குளிர்நாட்டில் தோன்றியவை என்பதையும் இங்கு நினைவில் கொள்ளவேண்டும். ஐரோப்பாவில் பனிக்காலம் நீங்கிய பின்னரும் நிலம் நெடுநாள் குளிர்ந்து ஈரமாகவே கிடக்கும், விதை முளைக்காது. உயர்ந்த பாத்தி விரைவில் உலர்ந்து வெப்பம் கொள்ளும். இரண்டு வாரம் முன்னதாகவே விதைக்கலாம். அவர்களுக்கு அது பெரும்பேறு. சித்திரை வெயிலில் வெறுங்காலுடன் நடக்க இயலாத கீரமங்கலத்து மண்ணுக்கு மேலும் வெப்பம் எதற்கு? ஒரு நாட்டில் நன்மையாகக் கணக்கிடப்பட்டது மற்றொரு நாட்டில் தீமையாகக் கணக்கிடப்பட வேண்டியதாகலாம். நூலை மொழிபெயர்ப்பதோடு நில்லாமல், நிலத்தையும் பார்த்து எழுதுவோர் வேண்டும்.

ஆயினும், உயர்ந்த பாத்தியிலிருந்து பெறும் மற்றொரு நன்மை எந்நாட்டுக்கும் பொதுவானது. அதாவது, அதன்மேல் யாரும் காலை வைப்பதில்லை. ஈர மண்ணை மிதித்தால் அது இறுகும். இறுகிய மண்ணில் வேர் இறங்காது, நீரும் புகாது. சமநிலத்தில் களை எடுப்பவரும் காய் பறிப்பவரும் செடிக்கு அருகிலேயே மிதித்து நடக்கின்றனர். மேட்டுப் பாத்தியிலோ நடக்கும் இடம் வேறு, வளரும் இடம் வேறு. ஒரு மனிதனின் கை, குனிந்த நிலையில் எளிதாக எட்டும் தொலைவு இரண்டடி. ஆகவே இரு புறமிருந்தும் எட்டுமாறு பாத்தியின் அகலம் நான்கடிக்கு மிகாதிருத்தல் வேண்டும். ஐந்தடி வைத்தவர், நடுவிலுள்ள களையை எடுப்பதற்காக ஒரு காலை மேலே வைப்பர். பாத்தி அமைத்ததன் பயன் அந்தக் காலடியிலேயே அழிந்துவிடும். நடைபாதை ஒன்றரை அடி இருந்தால் கூடையுடன் ஒருவர் செல்லலாம். இதனால் நிலத்தில் நூற்றுக்கு இருபத்தேழு பங்கு நடைபாதையாகப் போய்விடுகிறதே என்று வருந்துவோரும் உளர். அவ்வருத்தம் முற்றிலும் பொய்யன்று. மண் ஆழமாகவும் பொலபொலப்பாகவும் இருப்பதால் செடிகளைச் சற்று நெருக்கி நட்டு அவ்விழப்பில் பெரும்பகுதியை மீட்கலாம். ஆனால் இடத்தை அடைத்துப் படரும் பூசணிக்கும் பரங்கிக்கும் அக்கணக்குச் செல்லாது.

மேடாக்குவதற்கு மண் எங்கிருந்து வரும்? பலர் இதற்கெனச் செம்மண்ணை டிராக்டரில் விலைக்கு வாங்கிக் கொட்டுகின்றனர். வயலில் அது வீண் செலவு. நடைபாதையிலிருந்தே மண் கிடைக்கும். மேலே கூறிய பாத்தியின் பக்கத்தில் ஒன்றரை அடி அகல நடைபாதையை 8 அங்குல ஆழம் வெட்டி, அம்மண்ணைப் பாத்தியின்மேல் பரப்பினால், பாத்தி 3 அங்குலம் உயரும். பார்ப்பதற்கு இது மிகச் சிறிது. ஆனால் பாதை 8 அங்குலம் தாழ்ந்துவிட்டதன்றோ? ஆகவே மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே 11 அங்குல வேறுபாடு கிடைத்துவிட்டது. மேல்மண் வளமானதாகையால், பாதையில் வீணாகக் கிடக்க இருந்த வளமும் பாத்திக்கு வந்து சேர்கிறது. மண்வெட்டியும் கூடையும் போதும். ஆயின் அம்மண்வெட்டியைப் பிடிக்கும் கை வேண்டுமே! ஓர் ஏக்கரைப் பாத்தியாக்குவதற்கு ஆகும் ஆள்கூலி, சிறு உழவனை இரு முறை சிந்திக்க வைக்கும். டிராக்டரில் பூட்டிப் பாத்தி அமைக்கும் கருவி இப்போது உண்டு. ஆனால் பலாமரத்து நிழலில் ஒதுங்கிக் கிடக்கும் பத்துச் சென்ட்டுக்குள் டிராக்டர் திரும்ப முடியாது. மேலும் இவ்வேலை ஒரு முறையோடு தீர்வதில்லை. பெருமழை ஒவ்வொன்றும் பாத்தியின் ஓரங்களைக் கரைத்துப் பள்ளத்தில் சேர்க்கும். மழை ஓய்ந்தபின் அம்மண்ணை அள்ளி ஓரங்களில் அணைக்க வேண்டும்.

உப்பைப்பற்றியும் ஒரு சொல். ஆழ்குழாய்க் கிணற்று நீர் சில இடங்களில் உவர்ப்பாக இருக்கும். பள்ளத்தில் பாய்ச்சிய நீர் பாத்தியின் உட்புறமாக மேலேறி, உச்சியில் ஆவியாகும்போது, தன்னிடமுள்ள உப்பை அங்கேயே விட்டுச் செல்லும். சில திங்களில் பாத்தியின் நடு உச்சியில் வெண்மையாகப் பூத்திருப்பதைக் காணலாம். அத்தகைய இடங்களில் நாற்றை உச்சியில் நடாமல் பாத்தியின் தோளில், அதாவது ஓரச் சரிவின் மேற்பகுதியில், நடுவது அறிவுடைமை. வம்பனில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் கீரமங்கலத்தார்க்கு அண்மையிலேயே உள்ளது. பயிரிடுமுன் மண்ணையும் நீரையும் ஆய்ந்து பார்த்துக்கொள்வதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

உயர்ந்த பாத்தியில் பயிர் செய்யும் முறை உலகின் பல பகுதிகளில் பழங்காலம் முதலே இருந்துவருகிறது. அவற்றுள் புகழ் மிக்கது மெக்சிகோ நாட்டிலுள்ள சினாம்பா என்னும் முறை. ஆழமற்ற ஏரியில் நீண்ட குறுகிய துண்டுகளை வரையறுத்து, நீர்ச்செடிகளையும் ஏரிச் சேற்றையும் அடுக்கடுக்காகக் குவித்து, ஓரங்கள் கரையாதவாறு நீர்விருப்ப மரங்களை நட்டு, ஆசுதெக்கு மக்கள் தம் பெருநகருக்கு உணவு விளைத்தனர். அவற்றின் எச்சம் இன்றும் சோச்சிமில்கோ என்னுமிடத்தில் உள்ளது. 1987-ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலகப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. தென்னமெரிக்காவில், கடல்மட்டத்திற்கு 3,800 மீட்டர் உயரத்திலுள்ள டிட்டிக்காக்கா ஏரியின் கரையிலும் இத்தகைய மேட்டு வயல்கள் இருந்தன. அங்குப் பகலெல்லாம் வாய்க்கால் நீர் வெயிலின் வெப்பத்தை வாங்கி வைத்திருந்து, இரவில் அதனை வெளிவிட்டு, உறைபனியினின்றும் உருளைக்கிழங்கைக் காத்தது. நூற்றாண்டுகள் பல கைவிடப்பட்டுக் கிடந்த அவ்வயல்களுள் சிலவற்றை 1980-களில் தொல்பொருள் ஆய்வாளர்களும் அவ்வூர் உழவர்களும் சேர்ந்து மீண்டும் அமைத்துப் பயிரிட்டனர். இவ்விரண்டிலும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பாத்தி உயர்ந்திருந்தது, ஆனால் அதன் இருபுறமும் நீர் நின்றது. மேலே வேருக்குக் காற்று. கீழே வேருக்கு ஈரம். இரண்டையும் ஒருங்கே பெற்றமையால்தான் அவை செழித்தன. வெறும் மேட்டினால் அன்று. இதற்கு நேர்மாறாக, மழை குறைந்த நியூ மெக்சிகோ நிலப்பகுதியில் வாழும் சூனி மக்கள், சுற்றிலும் களிமண் கரை எழுப்பிய சிறு சிறு குழிகளில்தான் காய்கறி வளர்த்தனர். அவர்களுக்கு ஒவ்வொரு துளியையும் பிடித்து வைப்பதே கவலை.

கடல் கடந்து எதற்குச் செல்ல வேண்டும்? கீரமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலேயே வெற்றிலைக் கொடிக்கால்கள் உண்டு. கொடிக்கால் என்பது மேட்டுப் பாத்தி முறையின் முதிர்ந்த வடிவமே. வெற்றிலைக் கொடி மிகவும் நுட்பமான இயல்பு உடையது. அதன் வேர் ஒரு நாள்கூடக் காயக்கூடாது. ஒரு நாள்கூடத் தேங்கிய நீரில் நிற்கவும் கூடாது. இப்படிப்பட்ட பயிரை வளர்க்க நம் முன்னோர் கண்ட வழி, ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலத்தில் மேடும், மேட்டுக்கு மேடு அரை மீட்டர் அகலமும் அதே ஆழமும் உள்ள பள்ளமும் அமைப்பதாகும். முதலில் மேட்டில் அகத்தியை நெருக்கமாக விதைத்து வளரவிடுவர். அகத்தி ஆளுயரம் கடந்து நிழல் தரத் தொடங்கியபின், அதன் அடியில் வெற்றிலைக் கொடித் துண்டுகளை நடுவர். பள்ளத்தில் நீரை நிறுத்தி, அதிலிருந்து அள்ளி இருபுறமும் மேட்டின்மேல் வீசி இறைப்பர். நீர் வேரை நனைத்துவிட்டு, மிகுந்தது மீண்டும் பள்ளத்திற்கே வந்து சேரும். மழைக்காலத்தில் அதே பள்ளத்தின் வாயைத் திறந்துவிட்டால் அது வடிகாலாகிவிடும். பாய்ச்சுங்காலும் வடிகாலும் ஒன்றே! அகத்தியின் நிழல் கோடை வெயிலைத் தடுக்கிறது. உதிரும் அதன் இலை மேட்டை மூடி ஈரத்தைக் காக்கிறது. அதன் வேர் மண்ணுக்குத் தழைச்சத்து ஊட்டுகிறது. வெட்டிய தழை ஆடுமாடுகளுக்கு உணவாகிறது. ஆண்டுதோறும் பள்ளத்தில் படிந்த வண்டலை அள்ளி மேட்டில் இட்டு, நீண்டு வளர்ந்த கொடியை இறக்கிச் சுருட்டி அம்மண்ணால் மூடுவர். மூடிய கணுக்களிலிருந்து புது வேர் பிறக்கும். சோச்சிமில்கோ ஏரியில் நிகழ்ந்த அனைத்தும் ஏரி இல்லாத இச்செம்மண் நிலத்தில் மனிதன் கையால் நிகழ்த்தப்படுவதைக் காண்கிறோம். ஆயினும் இதற்கு இடைவிடாத உழைப்பு வேண்டும். நிற்பதற்கு நீர் வேண்டும். வெற்றிலை விலை அவ்வுழைப்பைத் தாங்கும். கத்தரிக்காய் விலை தாங்குமா என்பதைச் சந்தைக்குச் சென்றுவந்தவரே சொல்ல வேண்டும்.

பள்ளத்தில் நீரை நிறுத்த இயலாதபோது வேறு வழி என்ன? சொட்டு நீர்ப் பாசனம் அதற்கு ஒரு விடையாக வந்துள்ளது. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் 2004-05-ஆம் ஆண்டில் தொடங்கித் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 400 ஹெக்டேரில் நடத்திக்காட்டிய துல்லியப் பண்ணைத் திட்டத்தில், மேட்டுப் பாத்தியும் சொட்டுக் குழாயும் இணைத்தே அமைக்கப்பட்டன. குழாயிலிருந்து நீர் துளித்துளியாகச் செடியின் அடியிலேயே விழுவதால், வடிந்து ஓடுவதற்கு அதற்கு வாய்ப்பில்லை. உரத்தையும் நீரோடு கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். மேட்டுப் பாத்தியின் கோடைக் குறையைப் பெருமளவு போக்கியது இவ்விணைப்பே என்று சொல்வது மிகையாகாது. சிறு, குறு உழவர்க்கு இதற்கு அரசு மானியமும் கிடைக்கிறது. ஆனால் குழாயின் துளை அடைபட்டு ஒரு செடி வாடுவதைக் காலையில் கண்டுபிடிக்கும் கண் மானியத்தில் வருவதில்லை.

ஈரத்தைக் காக்கும் பொருள் கீரமங்கலத்தார் காலடியிலேயே குவிந்து கிடக்கிறது. தேங்காய் மட்டையைத்தான் குறிப்பிடுகிறேன். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கரை கடந்த கஜா புயல் இப்பகுதியின் தென்னைகளைப் பெருவாரியாகச் சாய்த்துவிட்டது. சாய்ந்தன போக எஞ்சி நின்றவற்றிலிருந்தும், அதன்பின் வைத்த கன்றுகளிலிருந்தும் மட்டைக்கு இங்குக் குறைவில்லை. பாத்தி அமைக்கும்போது அதன் அடியில் ஓரடி ஆழத்தில் மட்டைகளைக் குழிப்புறம் மேல்நோக்கி இருக்குமாறு அடுக்கி மண்ணால் மூடினால், ஒவ்வொரு மட்டையும் ஒரு சிறு நீர்த்தொட்டியாகும். நார்த்தூள் தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் நீரைப் பிடித்து வைக்கவல்லது. ஆயினும் பச்சை நார்த்தூளை அப்படியே மண்ணில் கலத்தல் தகாது. அதனை மட்கச் செய்த பின்னரே இடவேண்டும். இல்லையேல் அது மட்குவதற்காகப் பயிருக்குரிய தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். பாத்தியின் மேலே வைக்கோல், கரும்புச் சோகை, உதிர்ந்த பலா இலை ஆகியவற்றால் மூடாக்குப் போட வேண்டும். அருகிலுள்ள சேந்தன்குடியில், ‘மரம்’ தங்கசாமி என்று நாடறிந்த பெரியவர், 2018-ஆம் ஆண்டு தாம் மறையும்வரை பேணி வளர்த்த மரச்சோலையுள் நுழைந்து பார்ப்போர், உதிர்ந்த இலை செய்யும் வேலையை நேரில் காணலாம். வெளியே மண் வெடித்துக் கிடக்கும் நாளிலும் சருகை விலக்கினால் கீழே ஈரம் இருக்கும்.

வீட்டுத் தோட்டத்தில் செங்கல்லாலோ பலகையாலோ சுவர் எழுப்பி, இரண்டடி உயரத்தில் பாத்தி அமைக்கும் வழக்கமும் பரவிவருகிறது. குனிய இயலாத முதியவர்க்கு இது மிகவும் ஏற்றது. நாற்காலியில் அமர்ந்தபடியே கீரை கிள்ளலாம். ஆனால் பலகையைக் கரையான் விடாது. செங்கல்லுக்குச் செலவு மிகுதி. மொட்டை மாடியில் அமைப்பவர், ஓரடி ஆழமுள்ள நனைந்த மண் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ அரை டன் எடை கொள்ளும் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

இனி, கீரமங்கலத்து உழவன் என்ன செய்யலாம்? மேடா, பள்ளமா என்று ஒன்றைத் தேர்ந்து ஆண்டு முழுவதும் அதனையே பற்றி நிற்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஆவணி இறுதியில் மண்ணை வெட்டி மேட்டுப் பாத்தி அமைத்து, புரட்டாசியில் கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுகளை மேட்டில் நட்டால் அவை அடைமழையைத் தாங்கும். முள்ளங்கி போன்ற கிழங்குப் பயிர்களும் பொலபொலப்பான மேட்டில் நேராக இறங்கும். பள்ளத்தின் கோடியை வடிகாலோடு சேர்த்துவைக்க வேண்டும். வடியும் நீரைத் தெருவில் விடாமல் குளத்துக்கோ தோட்டத்துக் குட்டைக்கோ திருப்பினால் அது கோடையில் கிணற்றுக்குத் திரும்பிவரும். தை, மாசியில் அப்பயிர்கள் ஓயும். அப்போது பாத்தியை இடித்துச் சமமாக்க வேண்டுவதில்லை. மழைக்காலம் முழுவதும் கரைந்துவந்த வண்டலும் உதிர்ந்த இலையும் படிந்து, நடைபாதைப் பள்ளம் இப்போது தோட்டத்திலேயே வளமான இடமாக இருக்கும். அப்பள்ளத்தை மண்வெட்டியால் கொத்தி, கோடிகளை மண்ணால் அடைத்து, மூன்றடிக்கு ஒரு குழியாகப் பாகலும் பூசணியும் ஊன்றலாம். வெண்டையை ஒரே வரிசையாக விதைக்கலாம். பாய்ச்சும் நீர் பள்ளத்தில் நிற்கும். இருபுறத்து மேடுகளும் காற்றைத் தடுக்கும். பூசணிக் கொடி மேட்டின்மேல் படர்ந்து அதனை வெயிலினின்றும் மூடும். மீண்டும் ஆவணியில் அப்பள்ளத்து மண்ணை ஒரு சாண் ஆழம் அள்ளி மேட்டில் இட்டால், அடுத்த கத்தரிக்குரிய எருவில் ஒரு பகுதி அதிலேயே கிடைத்துவிடும்.